டாக்டர் பட்டம், பதினைந்து நிமிடக் கூலி: அமெரிக்க பிசிக்கல் தெரபி படிப்பின் உள்பக்கம்

அமெரிக்காவில் பிசிக்கல் தெரபி (நம் ஊரில் பிசியோதெரபி) படிக்கிற மாணவர்கள் எழுத்துத் தேர்வை விட அதிகம் பயப்படுவது 'பிராக்டிகல்' தேர்வுக்குத்தான். ஒரு சின்ன அறை, ஒரு கட்டில், ஒரு வீல்சேர். நோயாளியாகப் படுத்திருப்பது வகுப்புத் தோழர், சில சமயம் ஆசிரியரே. கதவில் ஒட்டிய தாளில் நாலு வரி: வயது 68, பக்கவாதம் வந்து ஆறாம் நாள், இடது கை கால் பலவீனம், கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாற்றவும். மாணவர் உள்ளே வந்து கை கழுவ வேண்டும். தன் பெயரைச் சொல்லி, நோயாளியின் பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். ரத்த அழுத்தம் பார்த்து, இடுப்பில் பெல்ட் கட்டி, பலமுள்ள வலது பக்கமாக வீல்சேரைக் கொண்டுவந்து, கால் மிதியை ஒதுக்கி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஆளை எழுப்பித் திருப்பி உட்கார வைக்க வேண்டும். இவ்வளவையும் கச்சிதமாகச் செய்துவிட்டு, வீல்சேரின் பிரேக்கைப் போட மறந்திருந்தால் பல கல்லூரிகளில் மற்ற மதிப்பெண்களைக் கூட்டிப் பார்ப்பதே கிடையாது. பாதுகாப்புப் பிழை என்றால் நேராக ஃபெயில். மறுதேர்வு ஒரு முறை கிடைக்கும். அதிலும் கோட்டைவிட்டால் அந்தப் பாடமே போச்சு. ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய பாடத்திட்டம் என்பதால், அப்புறம் ஒரு வருடம் கழித்து ஜூனியர்களோடு உட்கார வேண்டியதுதான்.

ஆசிரியர் பக்கத்திலிருந்தும் இதைப் பார்க்கலாம். வகுப்பில் 50 பேர், ஆளுக்கு அரை மணி நேரம் என்றால் ஒரே ஒரு பிராக்டிகலுக்கு 25 மணி நேரம். அதோடு முடியாது. இரண்டு பேராசிரியர்கள் ஆளுக்கொரு அறையில் தேர்வு நடத்தினால் 'அவர் அறையில் விட்டுவிட்டார், இவர் அறையில் பிடித்துவிட்டார்' என்ற புகார் வரும். மறுதேர்வுக்கு ஆள் ஒதுக்க வேண்டும், தோற்றவருக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டும், எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும். இது பல பாடங்களில், ஒவ்வொரு பருவத்திலும் நடக்கிறது.

படிப்பின் பெயர் டாக்டர் ஆஃப் பிசிக்கல் தெரபி. சுருக்கமாக டிபிடி. நான்கு வருட இளங்கலைக்குப் பிறகு, பெரும்பாலும் மூன்று வருடம். நம் வீடுகளில் 'அமெரிக்காவில் டாக்டரேட் பண்றா' என்றால் ஆய்வேடு, வழிகாட்டி, வாய்மொழித் தேர்வு என்றுதான் நினைப்போம். இது அந்த வகை இல்லை. மருத்துவர், பல் மருத்துவர், மருந்தாளுநர் பட்டங்களைப் போல இது தொழில் செய்வதற்கான முனைவர் பட்டம். கடைசியில் ஒரு சிறிய ஆய்வுத் திட்டம் இருக்கும். பிஎச்டி வேண்டுமென்றால் அதற்குப் பிறகு தனியாகப் படிக்க வேண்டும். இந்த வித்தியாசம் மாணவரைவிட ஆசிரியரைத்தான் அதிகம் பாதிக்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

பட்டம் எப்படி உயர்ந்தது

இந்தத் தொழில் முதல் உலகப் போரின் குழந்தை. காயமடைந்து திரும்பிய படைவீரர்களுக்குப் பயிற்சி கொடுக்க, அமெரிக்க ராணுவம் 'ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் எய்ட்' என்ற பெயரில் பெண்களைச் சேர்த்தது. போர்ட்லாந்தின் ரீட் கல்லூரி உட்படச் சில இடங்களில் சில மாதப் பயிற்சி, அவ்வளவுதான். அதில் முன்னணியில் இருந்த மேரி மெக்மில்லன், 1921-இல் தொடங்கிய சங்கத்தின் முதல் தலைவரானார். அதுதான் இன்றைய அமெரிக்க பிசிக்கல் தெரபி சங்கம். பிறகு இளம்பிள்ளைவாதம் அலை அலையாக வந்தது, இரண்டாம் போர் வந்தது. சான்றிதழாக இருந்தது இளங்கலை ஆனது, முதுகலை ஆனது. 1993-இல் நெப்ராஸ்காவின் கிரெய்டன் பல்கலைக்கழகம், தொழிலுக்குள் நுழையும் முதல் பட்டமாகவே டிபிடி கொடுக்கும் படிப்பைத் தொடங்கியது. 2000-இல் சங்கம் '2020-க்குள் எல்லோரும் டாக்டர்' என்று இலக்கு வைத்தது. அங்கீகாரம் தரும் அமைப்பான கேப்டி, 2016 ஜனவரி 1 முதல் டிபிடி தராத படிப்புக்கு அங்கீகாரம் இல்லை என்று முடித்துவிட்டது.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், மருத்துவரின் சீட்டு இல்லாமலே நோயாளி நேராக பிசிக்கல் தெரபிஸ்ட்டிடம் வரலாம் என்ற உரிமைக்காக இவர்கள் மாநிலம் மாநிலமாகப் போராடிக்கொண்டிருந்தார்கள். முதுகுவலி என்று வருபவருக்கு உண்மையில் வந்திருப்பது சிறுநீரகக் கல்லா, புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியதா, வெறும் தசைப்பிடிப்பா என்று பிரித்தறியத் தெரிந்தவர் என்று சட்டமன்றங்களை நம்ப வைக்க வேண்டியிருந்தது. அதற்காக மருந்தியல், எக்ஸ்ரே மற்றும் ஸ்கேன் வாசிப்பு, நோய் பிரித்தறிதல் எல்லாம் பாடத்திட்டத்துக்குள் வந்தன. இன்று 50 மாநிலங்களிலும் ஏதோ ஒரு அளவில் அந்த உரிமை இருக்கிறது. ஒரே மாதிரி இல்லை. டெக்சாஸில் 2019-இல்தான் வந்தது, அதுவும் குறிப்பிட்ட சில நாட்களுக்கு மட்டும். ஆகவே பட்டம் உயர்ந்ததில் பெருமை மட்டும்தான் இருந்தது என்று சொல்வது அநியாயம்.

காப்பீட்டுக் கம்பெனி மட்டும் அந்தப் பட்டத்தைக் கண்டுகொள்ளவே இல்லை.

அமெரிக்காவில் பிசிக்கல் தெரபியின் கூலி, பெரும்பாலும் 15 நிமிட அலகுகளில் கணக்காகிறது. பயிற்சி செய்ய வைத்தால் 97110, கையால் தசையையும் மூட்டையும் இளக்கினால் 97140 என்று ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. முதியோர் காப்பீடான மெடிகேரில் 'எட்டு நிமிட விதி' என்று ஒன்று இருக்கிறது. 8 நிமிடம் முதல் 22 நிமிடம் வரை ஒரு அலகு, 23 முதல் 37 வரை இரண்டு, 38 முதல் 52 வரை மூன்று. 22 நிமிடம் பார்த்தாலும் ஒன்றுதான், 23 ஆனால் இரண்டு. வயதான அம்மா ஒருவர் பேத்தியின் கல்யாணக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது தெரபிஸ்ட்டின் கண் ஏன் சுவர்க் கடிகாரத்துக்குப் போகிறது என்பதற்கு இதுதான் விளக்கம். 1985-இல் இளங்கலை முடித்தவர் பார்த்தாலும் நேற்று டிபிடி முடித்தவர் பார்த்தாலும் அலகின் விலை ஒன்றே. அந்த விலையும் சமீப வருடங்களில் இறங்கியது. மெடிகேர் கட்டணத்தைக் கணக்கிடப் பயன்படும் பெருக்கு எண் 2020-இல் 36.09 டாலர். 2025-இல் 32.35. இடையில் வீட்டு வாடகையும் முட்டை விலையும் எங்கே போயின என்று அங்கே இருப்பவர்களைக் கேட்டால் தெரியும்.

படிப்பு நீண்டது, கட்டணம் ஏறியது, வேலைக்கான விலை நின்ற இடத்திலிருந்து கீழே இறங்கியது. இந்த இடைவெளியைத்தான் மாணவர் கடனாகவும், ஆசிரியர் கூடுதல் வேலையாகவும் சுமக்கிறார்கள் என்பது என் கணிப்பு. இந்தப் படிப்பின் அன்றாடத்தில் விசித்திரமாகத் தோன்றும் பல விஷயங்களுக்கு வேர் அங்கேதான்.

முதல் பருவம்: உடற்கூறியல் கூடம்

பல கல்லூரிகளில் முதல் பருவமே உடற்கூறியல்தான், அதுவும் கோடையில் சில வாரங்களுக்குள் நெருக்கித் திணித்தது. தானமாகக் கிடைத்த உடல் ஒன்றைச் சுற்றி நாலைந்து பேர். மருத்துவ மாணவர்களும் இதே வேலையைச் செய்கிறார்கள் என்றாலும் இவர்கள் நின்று பார்க்கும் பகுதிகள் வேறு. வயிற்றுக்குள் இருக்கும் உறுப்புகளைச் சீக்கிரம் கடந்துவிட்டு, முதுகிலும் தோளிலும் தொடையிலும் நாட்கணக்கில் நிற்பார்கள். அக்குளுக்குள் கொழுப்பை நூல் நூலாக விலக்கினால் ஒரு நரம்புப் பின்னல் தெரியும். கழுத்திலிருந்து ஐந்து வேராக வந்து, சேர்ந்து, பிரிந்து, மறுபடி சேர்ந்து, கைக்குப் போகும் ஐந்து பெரிய நரம்புகளாக முடியும். அதை வெள்ளைத் தாளில் மனப்பாடமாக வரைவது ஒரு சடங்கு. எந்தத் தசை எந்த எலும்பில் தொடங்கி எதில் முடிகிறது, எந்த நரம்பு அதை இயக்குகிறது என்று நூற்றுக்கணக்கில் மனப்பாடம். பதப்படுத்தும் ரசாயனத்தின் வாடை முடியில் ஏறிக்கொள்ளும். அந்த வாரங்களில் மதியச் சாப்பாடு எங்கே, யாரோடு என்பதெல்லாம் தனிக் கேள்வி. வருட இறுதியில் உடல் தானம் செய்தவர்களின் குடும்பத்தை அழைத்து நன்றி சொல்லும் கூட்டம் பல கல்லூரிகளில் நடக்கும். மாணவர்களே பேசுவார்கள், சிலர் பாடுவார்கள்.

மதியத்துக்குப் பிறகு உயிரோடு இருக்கும் உடல். தோழரின் தோள்பட்டை எலும்பின் விளிம்பைத் தோலுக்கு மேலேயே விரலால் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். முழங்கை எத்தனை பாகை மடங்குகிறது என்று கோனியாமீட்டர் வைத்து அளக்க வேண்டும். தசையின் பலத்துக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண். புவியீர்ப்பை எதிர்த்து முழு தூரமும் தானே தூக்க முடிந்தால் 3, துடிப்பு மட்டும் விரலுக்குத் தெரிந்தால் 1. இந்த வகுப்புக்கு ஆண்கள் அரைக்கால் சட்டையோடும், பெண்கள் முதுகு திறந்த விளையாட்டு மேலாடையோடும் வர வேண்டும். நம் ஊரிலிருந்து போகும் பெண்கள் முதல் வாரம் கூசிப்போவது இங்கேதான். நல்ல ஆசிரியர்கள் திரை போட்டு, துண்டு கொடுத்து, எந்த இடத்தை எதற்காகத் தொடுகிறோம் என்று முன்கூட்டியே சொல்லி அனுமதி கேட்கப் பழக்குவார்கள். உண்மையில் அதுவும் பாடம்தான். அடுத்தவர் கை தன் மேல் படும்போது என்ன தோன்றுகிறது என்று தெரிந்தவர்தான் நாளைக்கு நோயாளியின் போர்வையை எவ்வளவு விலக்குவது என்று யோசிப்பார்.

காலை எட்டுக்குத் தொடங்கி மாலை ஐந்து வரை வகுப்பு. அதே ஐம்பது முகங்கள், மூன்று வருடம். பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி கிட்டத்தட்ட இல்லை. பகுதிநேர வேலை பார்க்காதீர்கள் என்று சேரும்போதே சொல்லிவிடுவார்கள். சராசரி மதிப்பெண் 4-க்கு 3.0 என்பதற்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கைக் கடிதம் வருவது வழக்கம். இந்த நெருக்கத்தில் நட்பும் சண்டையும் கூட்டுக் குடும்பத்தில் போலவே இருக்கும். ஒருவர் குறிப்பெழுதி எல்லோருக்கும் அனுப்புவார், ஒருவர் எதுவும் அனுப்பாமல் எல்லாவற்றையும் இறக்கிக்கொள்வார்.

மருத்துவமனைக்குப் போன பிறகு

குறைந்தது 30 வாரம் முழுநேர மருத்துவமனைப் பயிற்சி வேண்டும் என்பது கேப்டியின் விதி. பெரும்பாலான கல்லூரிகள் அதற்கு மேலேயே வைத்திருக்கின்றன. எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே போக வேண்டும். ஊர் மாறினால் இரண்டு வீட்டு வாடகை. வாரம் நாற்பது மணி நேர வேலை, சம்பளம் பொதுவாகக் கிடையாது. அந்தப் பருவத்துக்கும் கல்லூரிக்குக் கட்டணம் கட்ட வேண்டும். காசு கொடுத்து வேலை செய்கிறோம் என்று மாணவர்கள் புலம்புவதில் நியாயம் இருக்கிறது.

அங்கே பொறுப்பேற்பவர் கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர், எல்லோரும் 'சிஐ' என்பார்கள். உரிமம் பெற்று ஒரு வருட அனுபவம் இருந்தால் சிஐ ஆகலாம். அதாவது போன வருடம் வரை திணறிக்கொண்டிருந்தவரே இந்த வருடம் ஆசிரியர். அவருக்கும் இதற்காகத் தனிச் சம்பளம் அபூர்வம். மருத்துவமனையோ அவரிடம் ஒரு நாளைக்கு இத்தனை அலகு என்று இலக்கு கேட்டுக்கொண்டே இருக்கும். மெடிகேரின் பி பிரிவில் (வெளிநோயாளிச் சிகிச்சைக்கானது) மாணவர் தனியாகப் பார்த்த நோயாளிக்கு பில் போட முடியாது. தெரபிஸ்ட் அதே அறையில் நின்று, வேறு ஆளைக் கவனிக்காமல், தானே முடிவெடுத்து வழிநடத்தியிருந்தால்தான் பணம். கற்றுக்கொள்பவர் மெதுவாகத்தான் செய்வார். அந்த மெதுவுக்கு இடம் கொடுத்தால் சிஐயின் இலக்கு விழும். நல்ல சிஐ கிடைப்பதை மாணவர்கள் ஜாதகப் பலன் மாதிரி பேசிக்கொள்வது இதனால்தான். சிலர் மதிய இடைவேளையில் மாணவரின் குறிப்பை வரி வரியாகத் திருத்திக் கொடுப்பார்கள். சிலர் எட்டாவது வாரத்தில் தான் முதல்முறையாக 'நீ சரியில்லை' என்பார்கள்.

இந்த இடங்களைத் தேடிப் பிடிக்கும் வேலைக்கென்றே ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு பேராசிரியர் இருக்கிறார், மருத்துவமனைப் பயிற்சி இயக்குநர். என்னைக் கேட்டால் அந்தத் துறையிலேயே நன்றி கிடைக்காத நாற்காலி அதுதான். ஒவ்வொரு மருத்துவமனையோடும் ஒப்பந்தம், அதற்கு இரு பக்க வழக்கறிஞர்களின் கையெழுத்து. கடைசி வாரத்தில் 'எங்கள் சிஐ வேலையை விட்டுவிட்டார், மாணவரை எடுக்க முடியாது' என்று வரும் மின்னஞ்சல். அழுதுகொண்டே தொலைபேசியில் பேசும் மாணவர், அவரைப் பற்றியே மறுநாள் பேசும் சிஐ. அக்கம்பக்கத்தில் புதிதாக இன்னொரு கல்லூரி திறந்தால், அதே மருத்துவமனை வாசலில் இன்னொரு இயக்குநரும் வந்து நிற்பார். இப்போது நாடு முழுக்க அங்கீகாரம் பெற்ற படிப்புகள் 300-ஐ ஒட்டி இருக்கின்றன. மாணவர் சேர்க்கை குறைந்து தவிக்கும் தனியார் பல்கலைக்கழகங்களுக்கு இது வருமானம் தரும் படிப்பு. விளைவை இந்த இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்தான் முதலில் உணர்கிறார்.

இதற்கு நேர்மாறான ஒரு இடமும் இந்தப் படிப்புக்குள்ளேயே இருக்கிறது. பென்சில்வேனியாவின் செஸ்டர், தொழிற்சாலைகள் போன பிறகு நொடித்துப்போன ஊர். அங்கே வைட்னர் பல்கலைக்கழக மாணவர்கள் 2009 முதல் ஒரு இலவச பிசிக்கல் தெரபி கிளினிக்கை நடத்துகிறார்கள். காப்பீடு இல்லாதவர்களும், காப்பீடு அனுமதித்த சிகிச்சைத் தடவைகள் தீர்ந்துபோனவர்களும் வருகிறார்கள். நேரம் ஒதுக்குவது, கணக்கு, பொருள் வாங்குவது, நிர்வாகக் குழு எல்லாம் மாணவர்கள். உரிமம் பெற்ற தெரபிஸ்ட்டுகள் தன்னார்வமாக வந்து மேற்பார்க்கிறார்கள். இதைப் பார்த்துப் பல கல்லூரிகள் தங்களுக்கென்று ஒன்றைத் தொடங்கின. அங்கே அலகுக் கணக்கு இல்லை. பக்கவாதம் வந்து நாலு வருடம் ஆனவர் மாடிப்படி ஏறிப் பார்க்க ஆசைப்பட்டால், ஒரு மணி நேரம் முழுக்க அதற்கே செலவாகலாம். முதல் வருட மாணவர் பெல்ட்டைப் பிடித்துக்கொள்ள, மூன்றாம் வருட மாணவர் பின்னால் நிற்பார். சம்பளம் இல்லாத வேலை என்பதில் மருத்துவமனைப் பயிற்சிக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை, ஆனாலும் மாணவர்கள் இங்கே வரிசையில் நின்று பெயர் கொடுக்கிறார்கள்.

ஆசிரியர்களுக்கு என்ன கவலை

முன்னால் விட்ட டிபிடி, பிஎச்டி வித்தியாசத்துக்கு வருவோம். முழுநேர ஆசிரியர்களில் பாதிப் பேராவது பிஎச்டி, எட்டி (கல்வியியல் முனைவர்) போன்ற ஆய்வு முனைவர் பட்டம் வைத்திருக்க வேண்டும் என்கிறது கேப்டி. டிபிடி அந்தக் கணக்கில் சேராது. டாக்டர்களை உருவாக்கும் கல்லூரியில், டாக்டர் பட்டம் மட்டும் வைத்திருப்பவர் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. வெளியாருக்கு வேடிக்கையாகத் தெரியும். ஏற்கெனவே கடனோடு ஏழு வருடம் படித்தவர், கிளினிக்கில் நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு, இன்னும் நாலைந்து வருடம் உதவித்தொகையில் பிஎச்டி படிக்க ஏன் வருவார்? வருபவர்கள் குறைவு, திறக்கும் கல்லூரிகள் அதிகம். ஆகவே பல ஆசிரியர்கள் பகலில் கற்பித்துக்கொண்டு இரவிலும் வார இறுதியிலும் தங்கள் ஆய்வேட்டை எழுதுகிறார்கள். முடித்ததும் பக்கத்துக் கல்லூரி தூக்கிக்கொண்டு போய்விடும்.

ஒவ்வொருவரும் ஆய்வு செய்ய வேண்டும், குழுக்களில் உட்கார வேண்டும், மாணவர்களுக்கு ஆலோசகராக இருக்க வேண்டும். நோயாளியைப் பார்க்கும் கை மறந்துவிடக் கூடாது என்று வாரம் ஒரு நாள் கிளினிக்குக்கும் போகிறவர்கள் உண்டு. அங்கீகாரம் புதுப்பிக்கும் வருடம் வந்தால் துறையே மூச்சுவிடாது. தன்மதிப்பீட்டு அறிக்கை ஒன்று எழுத வேண்டும். எந்தப் பாடத்தில், எந்த வாரத்தில், எந்தத் தேர்வில் எந்தத் திறனைச் சோதிக்கிறோம் என்று ஒவ்வொரு விதிக்கும் ஆதாரம் காட்ட வேண்டும். பிறகு பார்வையாளர் குழு வரும், மாணவர்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கும்.

எல்லாவற்றுக்கும் மேல் தொங்குவது உரிமத் தேர்வு. தேசிய அளவில் ஒரே தேர்வு, வருடத்துக்கு நான்கு முறை: ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர். 2024 முதல் 225 கேள்விகள், ஐந்து மணி நேரம். 200 முதல் 800 வரையான அளவில் 600 எடுத்தால் தேர்ச்சி. வாழ்நாளில் ஆறு முறைதான் எழுத முடியும். ஒரு கல்லூரியின் பட்டதாரிகளில், இரண்டு வருடச் சராசரியில், 85 சதவீதமாவது இறுதியில் தேர்ச்சி பெற வேண்டும். இல்லாவிட்டால் கேப்டி கேள்வி கேட்கும். இதனால் ஆசிரியருக்கு ஒரு தர்மசங்கடம். பின்தங்கும் மாணவரைத் தூக்கிவிட்டு மூன்றாம் வருடம் வரை கொண்டுவந்தால், அவர் தோற்கும்போது கல்லூரியின் எண்ணிக்கை விழும். முதல் வருடத்திலேயே வெளியே அனுப்பினால் தேர்ச்சி விகிதம் காப்பாற்றப்படும், ஆனால் படிப்பை முடித்தவர்களின் விகிதம் குறையும், அந்த ஆளுக்கோ பட்டமும் இல்லை, கடனும் மிச்சம். இதை முடிவு செய்யும் குழுக்கூட்டங்கள் எளிதாக முடிவதில்லை. மறுநாள் அதே மாணவர்கள் எழுதும் மதிப்பீட்டுப் படிவம்தான் பேராசிரியரின் பதவி உயர்வுக் கோப்பில் போய்ச் சேரும் என்பது தனிக்கதை.

இரண்டே வருடத்தில் முடிக்கும் கலப்பு முறைப் படிப்புகளும் பெருகிவிட்டன. டென்னசியின் சவுத் காலேஜ், டெக்சாஸின் பேய்லர் போன்றவை இதில் தெரிந்த பெயர்கள். பாடங்கள் இணையத்தில், செய்முறை மட்டும் சில மாதங்களுக்கு ஒருமுறை நேரில் கூடி, நாள் முழுக்க. குழந்தை வைத்திருப்பவரும் வீடு மாற முடியாதவரும் இதனால்தான் படிக்கவே முடிகிறது, ஒரு வருடம் முன்னதாகச் சம்பளமும் வருகிறது. அந்த நன்மை உண்மையானது. ஆனால் விரல் நுனிக்கு ஒரு தசையின் இறுக்கத்தைத் தெரியவைப்பது, வாரத்தில் மூன்று மதியங்கள் பலருடைய முதுகைத் தொட்டுப் பழகியே வர வேண்டும் என்று நினைக்கும் பழைய ஆசிரியர்கள் நிறையப் பேர். நானும் அவர்கள் கட்சிதான்.

கடன், அப்புறம் நம்மவர்கள்

தனியார் பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணம் மட்டுமே மொத்தம் 1 லட்சம் டாலரைத் தாண்டுவது சாதாரணம். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் கணக்கில் பிசிக்கல் தெரபிஸ்ட்டின் நடுநிலைச் சம்பளம், 2024 மே மாதத்தில், வருடத்துக்கு 1,01,020 டாலர். புதிதாக வருபவருக்கு இதற்குக் கீழே. ராணுவமும் பேய்லர் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் படிப்பு மட்டும் விதிவிலக்கு. சான் அன்டோனியோவில் நடக்கும் அதில் மாணவர்களே ராணுவ அதிகாரிகள், கட்டணம் இல்லை, மாதச் சம்பளம் உண்டு, பதிலுக்குச் சில வருட சேவை.

2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் இந்தக் கணக்கைப் புரட்டிப்போட்டிருக்கிறது. படிப்புச் செலவு எவ்வளவோ அவ்வளவுக்கும் கொடுத்துவந்த 'கிராட் பிளஸ்' கடன் 2026 ஜூலை 1 முதல் புதியவர்களுக்குக் கிடையாது. 'தொழிற்படிப்பு' என்றால் வருடத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் வரை மத்தியக் கடன். மற்ற மேற்படிப்பு என்றால் 20,500, மொத்தம் 1 லட்சம். 2025 நவம்பரில் கல்வித் துறை கூட்டிய குழு ஒப்புக்கொண்ட வரையறையில் மருத்துவம், சட்டம், மருந்தியல் எல்லாம் தொழிற்படிப்பு. முதுகெலும்பைச் சொடுக்கெடுக்கும் கைரோபிராக்டிக்கும் தொழிற்படிப்பு. பிசிக்கல் தெரபி இல்லை. செவிலியர் மேற்படிப்பும் இல்லை. முப்பது வருடம் பாடுபட்டுப் பெற்ற டாக்டர் பட்டத்தைக் கடன் கொடுக்கும் இடத்தில் கண்டுகொள்ளவில்லை என்றால் கோபம் வராமல் என்ன செய்யும்? கல்லூரிகள் கட்டணத்தைக் குறைக்குமா, மாணவர்கள் தனியார் வங்கிக்கு ஓடுவார்களா என்பதுதான் இப்போது துறைக் கூட்டங்களில் பேச்சு.

தமிழ்நாட்டுக்கு இதில் நேரடித் தொடர்பு இருக்கிறது. எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் நாலரை வருட பிபிடி (இளங்கலை பிசியோதெரபி) முடித்து அமெரிக்கா போனவர்கள் ஏராளம். பிசிக்கல் தெரபிஸ்ட்டும் செவிலியரும் ஆள் பற்றாக்குறைத் தொழில்கள் என்று அமெரிக்க அரசே பட்டியலில் வைத்திருப்பதால், பச்சை அட்டைக்கான தொழிலாளர் சான்று நடைமுறை இவர்களுக்கு வேண்டியதில்லை. ஆனால் பிபிடியை டிபிடியோடு பாடம் பாடமாக ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பட்டம் உயர உயர அந்த ஒப்பீட்டின் அளவுகோலும் உயர்ந்தது. மருந்தியல், நோய் பிரித்தறிதல் போன்றவற்றில் குறை என்று வந்தால் தனியாகப் படித்துக் காட்ட வேண்டும். கேள்விகளை வெளியே பகிர்ந்தார்கள் என்ற விவகாரத்தில், 2010-இல் இந்தியா, பிலிப்பைன்ஸ், எகிப்து, பாகிஸ்தான் பட்டதாரிகள் உரிமத் தேர்வு எழுதுவதையே நிறுத்திவைத்த காலமும் உண்டு. எந்தத் தப்பும் செய்யாத பலருடைய வேலையும் விசாவும் அதில் சிக்கின. இங்கிருந்து போய் பிஎச்டி முடித்தவர்களுக்கோ, அந்தப் பாதிக் கணக்கு விதி ஒரு கதவைத் திறந்துவிட்டது. டிபிடி வகுப்புகளில் பாடம் நடத்தும் இந்திய முகங்களுக்கு அதுவும் ஒரு காரணம்.

பட்டத்துக்கான தகராறு இங்கேயும் உண்டு. பிசியோதெரபிஸ்ட்டுகள் பெயருக்கு முன் 'டாக்டர்' போடக் கூடாது என்று 2025 செப்டம்பரில் மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்ககம் ஒரு கடிதம் அனுப்பி, மறுநாளே அதைத் திரும்பப் பெற்றது. மருத்துவர்கள், பிசியோதெரபிஸ்ட்டுகள் என இரண்டு தரப்பும் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

அமெரிக்காவில் டிபிடியே படிக்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு ஒரு நடைமுறைத் தகவல். ஒவ்வொரு கல்லூரியும் தன் பட்டதாரிகளின் தேர்ச்சி விகிதம், படிப்பை முடித்தவர்கள் விகிதம், மொத்தச் செலவு ஆகியவற்றைப் பொதுவில் வெளியிட வேண்டும் என்று கேப்டி கட்டாயப்படுத்துகிறது. செலவு விவரத் தாளில் கட்டணத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது மருத்துவமனைப் பயிற்சிக் காலம்: எத்தனை வாரம், எவ்வளவு தூரத்தில், அந்த மாதங்களின் வாடகையை யார் தருவது. அதைச் சேர்க்காமல் போட்ட கணக்கில் பல ஆயிரம் டாலர் துண்டு விழும்.